நாய்க்கு வீட்டு வைத்தியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் வளர்க்கும் உறவினர்களும் நண்பர்களும் நேரங்காலம் பார்க்காமல் கூப்பிட்டுக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. இருபது வருடங்களுக்கும் மேலாக நாய்களோடு இருப்பவன். வைத்தியம் பலித்த நாட்களும் உண்டு. வைத்தியம் பார்த்துக்கொண்டே இருந்து நேரத்தைக் கோட்டைவிட்ட நாட்களும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எந்தெந்தத் தொல்லைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்?

ஒருநாள் வயிறு இளகுவது, ஒரே ஒரு முறை வாந்தி, மேலோட்டமான சிராய்ப்பு, வறண்ட தோல், லேசான அரிப்பு, ஒன்றிரண்டு உண்ணி, கார் பயணத்தில் குமட்டல், வயதான நாயின் மூட்டு விறைப்பு. இவற்றுக்கு வீட்டில் இருப்பதை வைத்தே நிறையச் செய்யலாம். ஒரு நிபந்தனை உண்டு. நாய் மற்றபடி எப்போதும்போல இருக்க வேண்டும். கதவு திறந்தால் எழுந்து வர வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், சாப்பாட்டுத் தட்டின் சத்தம் கேட்டால் காது நிமிர வேண்டும்.

எந்த வைத்தியத்தைத் தொடங்கினாலும் அதற்கு ஒரு கெடு வையுங்கள். வயிற்றுப்போக்குக்கு ஒரு நாள். இருமலுக்கு இரண்டு மூன்று நாள். அரிப்புக்கு ஒரு வாரம். கண் வலிக்கும் காது வலிக்கும் கெடுவே கிடையாது, அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கெடு முடிந்தும் குணம் தெரியவில்லை என்றால் அடுத்த வைத்தியத்துக்குத் தாவாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். நான் பார்த்த வரையில் நாய்களுக்குக் கெடுதல் செய்தது பெரும்பாலும் முதல் வைத்தியம் அல்ல. "இதையும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்று செய்த மூன்றாவது, நான்காவது வைத்தியம்தான்.

சாதாரணத் தொல்லையா, ஆபத்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று விஷயங்களைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். நாய் நன்றாக இருக்கும்போதே பழக வேண்டும், அப்போதுதான் மாறும்போது தெரியும்.

முதலில் ஈறு. மேல் உதட்டை மெல்லத் தூக்கி, பல்லுக்கு மேலே இருக்கும் ஈறைக் கட்டைவிரலால் ஒரு நொடி அழுத்தி விடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் பழைய இளஞ்சிவப்புக்குத் திரும்ப வேண்டும். வெளிறிய ஈறு, நீலம் பாய்ந்த ஈறு, மஞ்சள் தட்டிய ஈறு, செங்கல் நிறத்துக்குச் சிவந்த ஈறு, இவற்றில் எதுவானாலும் அவசரம். ஈறு ஈரமாக வழுக்க வேண்டும். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது. சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள்.

அடுத்தது மூச்சு. நாய் அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதைத் தாண்டினால், முக்கியமாக வயதான நாய்க்கு, இதயத்தையோ நுரையீரலையோ பார்க்க வேண்டும்.

மூன்றாவது உடல் சூடு. மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பது தவறு. தூங்கி எழுந்த நாயின் மூக்கு காய்ந்துதான் இருக்கும். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதுதான் சரியான முறை. 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நமக்குக் காய்ச்சல் என்று தோன்றும் 101 நாய்க்குச் சாதாரணம். 104ஐத் தொட்டால் காத்திருக்கக் கூடாது.

எதைக் கண்டால் யோசிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்?

வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று முயன்று எதுவுமே வராமல் நாய் தவித்தால் உடனே கிளம்புங்கள். இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். மார்பு ஆழமான பெரிய இன நாய்களுக்கு அதிகம் வரும். சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். சிறுநீர் கழிக்க நின்று நின்று முக்கியும் சொட்டுகூட வராத ஆண் நாய். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவத்துக்கு வந்து சில வாரம் கழித்து, தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துக்கொண்டு சோர்ந்து படுத்தால், கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். வெளியே கசிவு தெரியாமலும் இருக்கும். ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு. மூச்சுத் திணறல். எலி மருந்தோ பூச்சிக்கொல்லியோ தின்றது. இவை எதற்கும் வீட்டில் வைத்தியம் கிடையாது.

வெறிநோய்க்கும் அப்படித்தான். அறிகுறி தெரிந்த பிறகு உலகத்தில் எந்த மருந்தும் இல்லை. உங்கள் நாயை வேறொரு விலங்கு கடித்துவிட்டால், தடுப்பூசி போட்டிருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதரைக் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்குப் போக வேண்டும். கடிவாயில் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள்.

வயிற்றுப்போக்குக்கு என்ன கொடுக்கலாம்?

வளர்ந்த நாய், உற்சாகமாக இருக்கிறது, மலத்தில் ரத்தம் இல்லை என்றால் வீட்டிலேயே சமாளிக்கலாம். எலும்பும் தோலும் இல்லாத கோழிக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, குழைய வடித்த சோற்றோடு பிசையுங்கள். சோறு இரண்டு பங்கு, கறி ஒரு பங்கு. உப்பு, எண்ணெய், வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. ஒரே வேளையில் தட்டு நிறைய வைக்காமல், நாளுக்கு நாலைந்து தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலம் கெட்டியான பிறகும் பழைய உணவுக்கு ஒரேயடியாக மாறாமல் மூன்று நான்கு நாளில் கலந்து கலந்து மாற்றுங்கள்.

வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி நல்ல துணை. அதன் நார்ச்சத்து தண்ணீரை உறிஞ்சி மலத்தைக் கட்டும். அதே நார், மலச்சிக்கல் இருக்கும்போது மலத்தை இளக்கியும் கொடுக்கும். சின்ன நாய்க்கு ஒரு தேக்கரண்டி, பெரிய நாய்க்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். தயிர் சில நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும், சிலவற்றுக்கு அதுவே வயிற்றைக் கலக்கும். இதற்கு முன் சாப்பிட்டுப் பழகாத நாய்க்கு நோய் நாளில் தொடங்க வேண்டாம்.

வயிற்றுப்போக்கில் உயிருக்கு ஆபத்து நீரிழப்பால்தான் வருகிறது. தோள்பட்டைக்கு மேலே தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். சட்டென்று படியாமல் கூடாரம்போல நின்றால் வீட்டுத் தண்ணீர் போதாது, நரம்பு வழியாக ஏற்ற வேண்டியிருக்கும். மனிதர்களுக்கான வயிற்றுப்போக்கு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். கோலி (Collie) போன்ற மேய்ப்பு நாய் இனங்கள் சிலவற்றுக்கு அந்த மாத்திரையில் இருக்கும் லோபராமைடு மூளைக்குள் புகுந்து விஷமாகும்.

குட்டிக்கும் இதே வைத்தியம் செய்யலாமா?

செய்யாதீர்கள். தடுப்பூசி முழுதாக முடியாத குட்டி வாந்தியும் பேதியுமாகக் கிடந்தால் முதலில் பார்வோ வைரஸைத்தான் சந்தேகிக்க வேண்டும். 1978 வாக்கில் உலகெங்கும் பரவி ஏராளமான நாய்களைக் கொன்ற நோய் அது, இன்றும் போகவில்லை. ரத்தம் கலந்து, மூக்கைப் பொத்தும் நாற்றத்தோடு மலம் போகும். சோற்றுக் கஞ்சி கொடுத்துப் பார்க்கும் அரை நாளில் குட்டி கை நழுவிப் போய்விடும். குட்டியைப் பட்டினி போடவும் கூடாது, ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

வாந்தி எடுத்தால்?

ஒருமுறை எடுத்துவிட்டு வாலாட்டினால் கவலை இல்லை. தண்ணீரைக் கிண்ணம் நிறைய வைக்காமல், அரை மணிக்கு ஒருமுறை சில மடக்கு மட்டும் கொடுங்கள். கடகடவென்று குடித்தால் அதையும் கக்கும். சில மணி நேரம் வயிறு அமைதியானதும் மேலே சொன்ன கோழிச் சோற்றில் ஒரு கைப்பிடி. திரும்பத் திரும்ப எடுத்தால், ரத்தம் வந்தால், பந்து, துணி, மாங்கொட்டை எதையாவது விழுங்கியிருக்கலாம் என்று தோன்றினால் மருத்துவர்தான்.

உண்ணியை எப்படி எடுப்பது? தீக்குச்சியால் சுடலாமா, மண்ணெண்ணெய் விடலாமா?

இரண்டும் வேண்டாம். சூடு பட்ட உண்ணி வாயில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கும், நோய்க்கிருமியும் சேர்ந்து உள்ளே போகும். மண்ணெண்ணெய் நாயின் தோலைப் பொசுக்கும், நக்கினால் நுரையீரல் வரை கெடுக்கும். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டி, உண்ணியின் தலைப் பக்கமாகப் பிடித்து, நசுக்காமல், நிதானமாக நேராக இழுங்கள். எடுத்ததைச் சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். விரலால் நசுக்கக் கூடாது. காதின் மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடி, வாலின் அடிப்பக்கம், இந்த நான்கு இடத்தையும் தினமும் தடவிப் பாருங்கள்.

நாயில் மட்டும் எடுத்தால் போதாது. பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே தலைமுறை நடத்தக்கூடியது. ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுவரில் மேல்நோக்கி ஊர்ந்துபோகும் கடுகு போன்ற புள்ளிகளைக் கண்டால் படுக்கையை வெந்நீரில் துவைத்து, விரிசலைப் பூசி, மருத்துவர் சொல்லும் உண்ணி மருந்தைத் தொடங்குங்கள். உண்ணி கடித்த சில வாரங்களில் காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம், காப்பி நிறத்தில் சிறுநீர் என்று எது வந்தாலும் ரத்தப் பரிசோதனை வேண்டும். உண்ணி பரப்பும் எர்லிச்சியாவும் பபீசியாவும் கஷாயத்துக்குக் கட்டுப்படும் நோய்கள் இல்லை.

தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்றே தெரியவில்லை, சொறிந்துகொண்டே இருக்கிறது.

வெள்ளைத் தாளை நனைத்து விரித்து, அதன் மேல் நாயின் முதுகு முடியைச் சீப்பால் வாருங்கள். கறுப்புத் தூள் விழும். அந்தத் தூளைச் சுற்றித் தாளில் செம்பழுப்பாகச் சாயம் பரவினால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். பரவாமல் அப்படியே இருந்தால் வெறும் மண்.

நாய் மேல் நீங்கள் பார்ப்பது மொத்தத்தில் மிகச் சிறிய பங்குதான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாக மீதி எல்லாம் தரை விரிப்பிலும் படுக்கையிலும் இருக்கும். ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40, 50 முட்டை இடும். அதனால் வாரத்தில் பல முறை தரையை உறிஞ்சிச் சுத்தம் செய்வதும், விரிப்புகளை வெந்நீரில் துவைப்பதும்தான் மெய்யான வீட்டு வைத்தியம். நெருக்கமான பல் கொண்ட சீப்பால் தினமும் வாரி, சிக்கியதைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும், ஆகவே பத்து நாளில் விட்டுவிடாதீர்கள். தெள்ளைக் கடித்து விழுங்கும் நாய்க்கு நாடாப்புழுவும் வரும். ஆசனவாயைச் சுற்றி அரிசிபோல ஒட்டியிருப்பது அதன் துண்டுகள்.

வீட்டில் பூனையும் இருந்தால் ஒரு எச்சரிக்கை. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொல்லும்.

பூண்டு கொடுத்தால் தெள்ளும் உண்ணியும் அண்டாது என்கிறார்களே?

இந்த ஒரு வைத்தியம் ஒழிந்தால் எனக்கு அவ்வளவு நிம்மதி. வெங்காயம், பூண்டு, சின்ன வெங்காயம், வெங்காயத்தாள் எல்லாமே நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. வெங்காயம் கிலோ எடைக்கு 15 கிராம் போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும். பூண்டு அதைவிட வீரியம் கூடியது. சமைத்தாலும் பொடித்தாலும் விஷம் போகாது. சாப்பிட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் நாய் வெளிறும், சிறுநீர் கறுக்கும். அதற்குள் பூண்டு கொடுத்ததே வீட்டில் மறந்துபோயிருக்கும். தெள்ளை அது விரட்டுகிறது என்பதற்கும் நம்பத்தக்க சான்று இல்லை.

வேப்பெண்ணெய், டீ ட்ரீ ஆயில், யூகலிப்டஸ் தைலம் தடவலாமா?

நன்றாக நீர்த்த வேப்பெண்ணெய் பூச்சியை ஓரளவு விலக்கும். ஆனால் நாய் நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தோலில் ஒரு சின்ன இடத்தில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். டீ ட்ரீ ஆயிலைத் தொடவே வேண்டாம். நீர்க்காத எண்ணெயைப் பூசியதால் நாய்களுக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் அதே பட்டியல்தான். நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெலிது. பூசியதை எல்லாம் கடைசியில் நக்கி வயிற்றுக்குள் கொண்டுபோகும் பிராணியும்கூட.

அரிப்பும் வறட்சியும் இருந்தால்?

ஓட்ஸ் குளியல் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. சுவையூட்டாத வெறும் ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரையுங்கள். ஒரு கரண்டி மாவைத் தம்ளர் தண்ணீரில் போட்டால் தண்ணீர் பால்போல மாற வேண்டும். அடியில் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி, பத்து நிமிடம் உடம்பில் ஊற விட்டு, அலசி, வேர்க்கால் வரை துவட்டுங்கள். சூடான தண்ணீர் அரிப்பைக் கூட்டும். நம்முடைய ஷாம்பு நாய்க்கு ஆகாது, அதன் தோலின் அமிலத்தன்மை வேறு.

வறண்ட மூக்குக்கும் பாதத்துக்கும் தேங்காய் எண்ணெய் ஒரு துளி நல்லது. உடம்பெல்லாம் பூசினால் நக்கி நக்கி வயிறு கெடும், கொழுப்பு கூடிக் கணைய அழற்சி வரவும் வாய்ப்புண்டு.

திடீரென்று ஒரே இடம் ஈரமாக, சிவந்து, முடி உதிர்ந்து கசிந்தால் சுற்றிலும் முடியைக் கத்தரித்துக் காற்றோட்டம் கொடுங்கள். உப்புத் தண்ணீரில் துடைத்துக் காய விடுங்கள். எண்ணெயோ பவுடரோ வேண்டாம். கழுத்தில் கூம்புப் பட்டை போட்டு நக்குவதைத் தடுத்தாலே பாதி ஆறும். மறுநாளும் பரவினால் மருத்துவர்.

சொறிக்கு இன்ஜின் ஆயில் பூசினால் போகும் என்கிறார்கள்.

பூசாதீர்கள், தயவுசெய்து. இன்ஜின் ஆயிலும் பெட்ரோலும் தோல் வழியாகவும் நாக்கு வழியாகவும் உள்ளே போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். முடி கொட்டி, தோல் தடித்து, வலியில் சுருண்டு கிடக்கும் பிராணியின் மேல் அதை ஊற்றுவது கொடுமை. சொறிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத சிறு பேன். அதில் இரண்டு வகை உண்டு, ஒன்று மனிதருக்கும் தொற்றி அரிக்கும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும், மருந்தும் நன்றாக வேலை செய்யும்.

ஆப்பிள் சிடர் வினிகர்?

புண்ணான தோலில் எரியும். காதில் ஊற்றக் கூடாது. தெள்ளைக் கொல்லாது. நான் பயன்படுத்துவதில்லை.

மஞ்சள் நல்லதுதானே?

உணவில் ஒரு சிட்டிகை கெடுதல் இல்லை. ஆனால் மஞ்சளில் உள்ள குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, ஆகவே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் தன்மை அதற்கு உண்டு. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் நிறுத்திவிடுங்கள். திறந்த காயத்தில் மஞ்சள் பொடியை அப்பினால் பொடி காயத்துக்குள் கட்டியாகி அடியில் சீழ் பிடிப்பது தெரியாமல் போகும்.

காயத்தை எதைக்கொண்டு கழுவுவது?

உப்புத் தண்ணீர். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு, அதாவது லிட்டருக்கு 9 கிராம். ரத்தத்தின் உப்புத்தன்மையும் ஏறக்குறைய இதுதான், அதனால் எரியாது. ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து மண்ணும் முடியும் வெளியேறும்வரை பீய்ச்சுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்தால் சுத்தமாகிறதுபோலத் தோன்றும். உண்மையில் ஆறத் தொடங்கிய திசுவையும் சேர்த்து எரிக்கிறது. தரை துடைக்கும் கிருமிநாசினியும் கூடாது.

மேலோட்டமான புண்ணில் மெல்லியதாகத் தேன் தடவலாம், இது வெறும் பாட்டி சொன்ன கதை அல்ல. தேன் புண்ணின் நீரை இழுத்து, கிருமி வளர இடம் கொடுக்காது. மருத்துவமனைகளிலேயே இதற்கென்று சுத்திகரித்த தேன் பயன்படுகிறது. கட்டுப் போட்டு, நக்காமல் காக்க வேண்டும்.

இன்னொரு நாய் கடித்த காயத்தை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். வெளியே இரண்டு புள்ளி தெரியும், உள்ளே சதை கிழிந்திருக்கும். புழு வைத்த புண்ணுக்கும் பெட்ரோல், கற்பூரம், டர்பன்டைன் ஊற்ற வேண்டாம். புழுவை ஒவ்வொன்றாக எடுத்து, புண்ணின் ஆழத்தைப் பார்த்து, மருத்துவர்தான் சிகிச்சை தர வேண்டும்.

காதில் எண்ணெய் விடலாமா?

விட்டவன் நான். மணி என்று ஒரு நாய் இருந்தான். ஒருநாள் தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்து உதறினான். அழுக்காக இருக்கும் என்று வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டேன். மூன்று நாள் விட்டேன். நான்காம் நாள் காது மடல் ரத்தம் கட்டி இட்லிபோல உப்பிவிட்டது, உதறிய உதறலில் உள்ளே ரத்தக்குழாய் உடைந்திருக்கிறது. மருத்துவர் கருவியால் பார்த்து ஒரு புல் விதையை எடுத்தார். அம்புபோலக் கூரான விதை, முன்னால் மட்டுமே நகரும், பின்னால் வராது. நான் விட்ட எண்ணெய் அதை வழுக்கி உள்ளே தள்ளியிருக்கிறது. அந்த மூன்று நாளும் அவன் காதைத் தொட்டபோதெல்லாம் கையை விலக்காமல் பொறுத்துக்கொண்டான் என்பது இன்றைக்கும் எனக்குள் உறுத்துகிறது.

நாயின் காதுக்குழாய் நேராகக் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாகத் திரும்பும். நாம் விடுவது எதுவும் தானாக வெளியே வராது. செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெயும் வினிகரும் நடுக்காதுக்குள் போகும். வெளி மடலை ஈரப் பஞ்சால் துடைப்பதோடு நிறுத்துங்கள். குச்சி வேண்டாம். நாற்றம், காப்பித்தூள் போன்ற அழுக்கு, தொட்டால் வலி என்றால் பரிசோதனை வேண்டும்.

கண் சிவந்து நீர் வடிந்தால்?

தூசி விழுந்திருந்தால் சுத்தமான உப்பு நீரால் அலசலாம். அவ்வளவுதான். பால் பீய்ச்சுவது, சாறு விடுவது, வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தை ஊற்றுவது எதுவும் வேண்டாம். அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் கீறலும் இருந்தால் கண்ணே போய்விடும். கண்ணைத் திறக்க முடியாமல் சுருக்கினால் அது வலி.

இருமுகிறது, தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல.

கூடி விளையாடும் நாய்களிடம் தொற்றும் இருமல் அப்படித்தான் ஒலிக்கும். நன்றாகச் சாப்பிடும் நாய்க்கு ஒரு தேக்கரண்டி தேனை வெதுவெதுப்பான நீரில் கொடுக்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் வேண்டாம். குளியலறையில் வெந்நீரைத் திறந்து ஆவி நிரப்பி, பத்து நிமிடம் நீங்களும் கூட உட்காருங்கள். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை போடுங்கள். மற்ற நாய்களிடமிருந்து இரண்டு வாரம் விலக்கி வையுங்கள். வயதான நாய் இரவில் மட்டும் இருமினால் தேன் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள், இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குடற்புழுவுக்கு இயற்கை மருந்து இருக்கிறதா?

பூசணி விதை, வேப்பங்கொழுந்து, பாகற்காய் என்று பலரும் சொல்வார்கள். நம்பிக் கொடுக்க முடிந்த எதையும் நான் பார்க்கவில்லை. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடுகிறது, அதன் முட்டை குழந்தைகளின் கண்ணையும் பாதிக்கக்கூடியது. மருந்து எளிதாகக் கிடைக்கிறது. குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்தே, எடை பார்த்து, மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

வயதான நாய் எழுந்திருக்கவே சிரமப்படுகிறது. வலி மாத்திரை தரலாமா?

நம்முடைய மாத்திரை ஒன்றுகூடத் தராதீர்கள். இபுப்ரோஃபென் இரைப்பையில் புண் போட்டுச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும், ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனையும் பறிக்கும். காய்ச்சலுக்கும் இதே பதில்தான்.

மூட்டு வலிக்கு வீட்டில் செய்யக்கூடியவற்றில் முதலாவது எடையைக் குறைப்பது. மற்ற எல்லாம் அதற்குப் பின்னால்தான். 2002இல் வெளியான ஆய்வு ஒன்றில் 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. உங்கள் நாயின் விலாவில் கையை வைத்துத் தடவுங்கள். எலும்புகள் அழுத்தாமலே விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தேட வேண்டியிருந்தால் எடை கூடுதல்.

அடுத்தது மீன் எண்ணெய். அதிலுள்ள ஒமேகா-3 அழற்சியைத் தணிப்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. காட் லிவர் ஆயிலை அதற்குப் பதிலாகக் கொடுக்க வேண்டாம், அதில் வைட்டமின் ஏயும் டியும் அளவுக்கு மேல் சேரும். வழுக்கும் தரையில் பாய் விரியுங்கள், படிக்கு ஒரு சாய்பலகை வையுங்கள். காலையில் விறைப்பாக இருக்கும்போது வெந்நீரில் பிழிந்த துணியை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் பத்து நிமிடம் ஒற்றிக் கொடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கைக்குள் சாய்ந்துவிடும்.

சாக்லேட் தின்றுவிட்டது. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

உப்பு கொடுக்கவே கூடாது. ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும், சாக்லேட்டைவிட அதுவே ஆபத்து. வாந்தி எடுக்க வைப்பதா என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். அமிலம், பெட்ரோல் போன்றவற்றைக் குடித்திருந்தால் மேலே வரும்போது இன்னொரு முறை சுட்டுவிட்டு வரும்.

சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் கிலோ எடைக்கு 20 மில்லிகிராமில் தொல்லை தரத் தொடங்கும். பத்து கிலோ நாய்க்கு அது சுமார் 40 கிராம் கறுப்பு சாக்லேட், அல்லது சுமார் 100 கிராம் பால் சாக்லேட். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று 2021இல் மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். புளியிலும் அதே அமிலம் இருக்கிறது, புளி தின்ற நாய்களுக்கும் அதே பாதிப்பு வந்திருக்கிறது. இது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. சர்க்கரையில்லா மிட்டாய், சூயிங்கம், பற்பசையில் இருக்கும் சைலிட்டால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரையைத் தரைமட்டமாக்கும்.

வெயிலில் மயங்கி விழுந்தால்?

இங்கே மட்டும் வீட்டு வைத்தியம்தான் முதலில், வண்டி அப்புறம். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். நாயின் உடம்பைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் உதவும். ஈரத் துணியால் போர்த்தி மூடி வைக்காதீர்கள், சூடு உள்ளே தங்கிவிடும். மயக்கத்தில் இருக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடு 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியதும் நனைப்பதை நிறுத்தி, தெளிந்து எழுந்துவிட்டாலும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உள்ளுறுப்புகளின் பாதிப்பு மறுநாள்தான் வெளியே தெரியும். தட்டை மூக்கு இனங்களுக்கு இது மிகச் சுலபமாக வந்துவிடும்.

வாய் நாறுகிறது.

பல்லில் படியும் படலம் இரண்டு மூன்று நாளில் கல்லாகிவிடும். மென்மையான பிரஷ்ஷால் தினமும் தேய்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. நம் பற்பசை ஆகாது, வெறும் தண்ணீரே போதும். முதல் வாரம் விரலில் துணி சுற்றித் தேய்த்துப் பழக்குங்கள். எலும்போ கொம்போ கடிக்கக் கொடுத்தால் உங்கள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழாத அளவுக்குக் கடினம் என்றால் பல்லை உடைத்துவிடும். வேகவைத்த எலும்பு சிம்புசிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

கார் பயணத்தில் குமட்டல்?

கிளம்பும் முன் மூன்று நான்கு மணி நேரம் சாப்பாடு வேண்டாம். ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள். இஞ்சியைத் துளி அளவு கொடுத்துப் பார்க்கலாம், சில நாய்களுக்குக் கேட்கிறது.

வீட்டில் எதையாவது கொடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் மருத்துவர் திட்ட மாட்டாரா?

திட்டினாலும் சொல்லிவிடுங்கள். என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை. நீங்கள் மறைத்த பூண்டும் மாத்திரையும்தான் அவர் கொடுக்கப்போகும் மருந்தோடு மோதும். விஷம் தின்றிருந்தால் அதன் உறையையும், வாந்தியோ மலமோ என்றால் ஒரு படத்தையும், இருமலோ வலிப்போ என்றால் போனில் எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள். மருத்துவமனை வாசலில் நாய் பயத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டு, வீட்டில் காட்டிய அறிகுறி ஒன்றைக்கூடக் காட்டாது.